பெண்கள் பெட்டியில் வளைகாப்பு

காலை ரயிலில் பெண்கள் பெட்டிக்குள் எப்போதும் ஓர் அரைத்தூக்கம் இருந்தது. மல்லிகை, ஈரக் கூந்தல், யாரோ திறந்த புளிசாதம், ஜன்னல் கம்பி வழியே மடியில் விழும் இளவெயில். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நெமிலிச்சேரியிலிருந்து வந்து பட்டாபிராமில் ஏறி சென்ட்ரல் வரைக்கும் தினமும் அந்த மிதப்பிலேயே வேலைக்குப் போனேன். இப்போதும் கண்ணை மூடினால் உடம்பு லேசாக ஆடுகிறது.

எங்கள் பெட்டியில் ஒரு வழக்கம். தினமும் வருகிறவர்களில் யாருக்காவது ஏழாம் மாதம் என்றால் ஓடும் ரயிலிலேயே வளைகாப்பு. ஒருத்தி சந்தனம் கொண்டுவருவாள், ஒருத்தி கலந்த சாதம். அண்ணனூர் தாண்டி ஆரம்பித்தால் வில்லிவாக்கத்துக்குள் ஆளுக்கொரு கண்ணாடி வளையல் போட்டு முடித்துவிடுவார்கள். பாடுவது பெரும்பாலும் நான்தான்.

இதற்கெல்லாம் தலைவி, ஆவடியில் ஏறும் திருநெல்வேலி அக்கா. வீட்டுக்காரருக்கு ஃபேக்டரி வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. அவளுக்கு தினமும் கைக்குட்டை போட்டு இடம் பிடித்துவைப்பேன்.

ஒருநாள் எங்கள் பக்கத்திலேயே பரம்பரையாக இருக்கும் பழைய ஊர்க்காரம்மா ஒருத்தி சும்மா பேச்சுவாக்கில் கேட்டாள். "நெமிலிச்சேரின்னா, ஊர்ல கீறியா, காலனிலயா?"

"காலனிதான்."

"ஓ" என்றாள். அவ்வளவுதான். யாரும் எழுந்து போகவில்லை, முகம் சுளிக்கவில்லை. நான் டப்பாவைத் திறந்தால் மட்டும் எல்லோருக்கும் விரதம் வந்தது. வாரம் பூராவும் பட்டினி போடும் அந்தச் சாமி எந்தச் சாமியோ, போங்கள்.

அப்போது நான் நாலு மாதம். மனசுக்கு வெட்கம் கிடையாது. ஏழு பிறந்ததும் தினமும் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு போனேன். இன்றைக்குச் செய்வார்கள், இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு. ஏழு போனது. என்னோடு கூடவே உண்டாகியிருந்த அண்ணனூர்க்காரிக்கு நடந்தது. அன்றும் என்னைத்தான் பாடச் சொன்னார்கள். பாடித் தொலைத்தேன்.

எட்டும் போனது. விடுப்புக்கு முந்தைய நாள், ஆவடியில் ஏறிய அக்கா ஒரு பிளாஸ்டிக் கவரை என் மடியில் போட்டாள். உள்ளே பச்சையும் சிவப்புமாக வளையல்.

"எல்லாரும் சேந்து வாங்குனது தாயி. வீட்டுல போயி போட்டுக்கிடு."

குரலில் நிஜமான பாசம் இருந்தது. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையை நீட்டினேன்.

"நீங்களே போட்டு விடுங்கக்கா."

"கூட்டமா இருக்குல்லா..." என்று அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"அம்மா ஊட்ல வெச்சிப் போட்டாதாம்மா விசேசம்" என்றாள் பழைய ஊர்க்காரம்மா.

கை நீட்டியபடி இருந்தது. திருமுல்லைவாயில் வந்தது, போனது. அம்பத்தூரில் கூட்டம் ஏறியது. வெயில் என் உள்ளங்கையில் ஏறி இறங்கி விளையாடியது. ரயில் ஒன்றுமே நடக்காததுபோல எங்கள் எல்லோரையும் சேர்த்துத் தாலாட்டிக்கொண்டு போனது.

பிறகு கவரைப் பிரித்தேன். அத்தனை பேர் கண்ணெதிரிலும் ஒவ்வொன்றாக நானே போட்டுக்கொண்டேன். ஒன்றுகூட இறுக்கவில்லை, ஒன்றுகூட தொளதொளக்கவில்லை. என் கையை ஒருமுறைகூடத் தொடாமல் அவ்வளவு சரியாக அளவு பார்த்து வைத்திருக்கிறார்கள். அதற்குத்தான் அழுதேன்.