விளிம்பில் மிச்சம் பிடித்த சன்னாசி

ஈப்போ நகரத்தின் ஓரத்தில் இருந்த அந்த பிளாஸ்டிக் தொழிற்சாலையில், ஒன்பது வருடமாக அச்சிலிருந்து இறங்கிய எந்த வாளியும், பேசின் என்கிற அகலச் சட்டியும் சன்னாசியின் கண்ணுக்குத் தப்பியதில்லை. விளிம்பு தடித்திருந்தால் அது குற்றம். மேலே கோடு விழுந்திருந்தால் அதுவும் குற்றம். அப்படிப்பட்ட பேசினை அவர் தூக்கிப் பார்க்கிற பார்வையில் இயந்திரமே கூசிப்போகும் என்பார்கள். பத்து காஜா என்ற ஊர்ப் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் சீவிக்கொண்டிருந்தவர், தோட்டத்தைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கியதும் சைக்கிளை ஈப்போ பக்கம் திருப்பினார். மனைவி செல்லாயி மட்டும், விற்காமல் மிஞ்சிய பகுதியில் மரம் சீவிக்கொண்டிருந்தாள். அவள் சீவினால்தான் தோட்டம் கொடுத்த லயத்து வரிசை வீடு நிலைக்கும்.

எண்பத்தொன்றில் ஒரு பிஸ்கட் கம்பெனி, டின் வாங்குகிறவர்களுக்கு இனாமாகக் கொடுக்கப் பறக்கும் தட்டு கேட்டது. அமெரிக்காவில் கல்லூரிப் பிள்ளைகள் பலகாரம் வந்த தகரத் தட்டை வீசி விளையாடியதில் பிறந்த சாமான் அது. பிறகு பிளாஸ்டிக்குக்கு மாறி, கடல் தாண்டி, மாதிரிக்கு ஒன்று சன்னாசியின் கைக்கு வந்து சேர்ந்தது. சிவப்பு நிறம். மேலே வட்ட வட்டமாகக் கோடுகள். கீழே உள்பக்கம் மடிந்த தடித்த விளிம்பு.

சன்னாசி திருப்பிப் பார்த்தார். வெள்ளைக்காரனுக்கு மூடி செய்யத் தெரியவில்லை என்று முடிவு கட்டினார்.

தவுக்கேயிடம் போனார். முதலாளியை அங்கே எல்லோரும் அப்படித்தான் அழைப்பார்கள். அச்சு வெட்டும்போது விளிம்பை மெலிதாக்கிக் கோடுகளையும் எடுத்துவிட்டால் பிளாஸ்டிக் மிச்சம் என்றார். மிச்சம் என்ற சொல் காதில் விழுந்ததும் தவுக்கேயின் முகத்தில் சீனப் பெருநாள் வந்தது. அன்றைக்கே சன்னாசி ஆட்களை மேய்க்கும் மண்டோர் ஆனார். மண்டோருக்குத் தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரு வீடு உண்டு. அடுப்படிக்குள்ளேயே குழாய்.

செல்லாயி மறுநாளே தோட்ட ஆபீசுக்குப் போய், மாதக் கடைசியில் லயத்தைக் காலி செய்கிறோம் என்று கணக்கெழுதும் கிராணியிடம் எழுதிக் கொடுத்துவிட்டாள். இருபது குடும்பத்துக்கு ஒரு குழாய் என்று பதினாறு வருடம் வரிசையில் நின்றவளுக்கு யோசிக்க என்ன இருக்கிறது.

முதல் நூறு தட்டுகள் கண்ணாடி போல் வழுவழுவென்று இறங்கின. சன்னாசி ஒன்றை வாசலில் வீசிப் பார்த்தார். பத்தடி போனது, மல்லாந்தது, சாக்கடைக்குள் இறங்கியது. பறப்பதைப் பார்க்க பிஸ்கட் கம்பெனிக்காரர் சனிக்கிழமை வருகிறார். அன்று திங்கள்.

தட்டில் குறை இருக்க வழியே இல்லை. அதைப் பார்த்தவர் சன்னாசி. ஆகவே வீசுகிற கையில்தான் குறை. மாதிரியோடு வந்த காகிதத்தில் படம் போட்டிருந்தது. கட்டைவிரல் மேலே, மற்ற விரல்கள் விளிம்புக்கு அடியில். இலக்குக்குத் தோளைக் காட்டி நின்று, மணிக்கட்டை வயிற்றுப் பக்கம் சுருட்டி, விசுக்கென்று விடவேண்டும். தட்டு சாயாமல் கிளம்பவேண்டும். மணிக்கட்டு என்றதும் அவருக்கு சிம்பாங் பூலாய் கடையில் மாவை வீசி வீசி ரொட்டி சானாய் போடும் ஷரபுதீன் ஞாபகம் வந்தது.

"அண்ணே, மணிக்கட்டு விசயத்துல ஒங்கள விட்டா பேராக்குல ஆள் இல்ல."

"மாவா?"

"இல்லண்ணே, பிளாஸ்டிக்கு."

"திங்க முடியாதே லா," என்றார் ஷரபுதீன். ஆனாலும் வந்தார்.

கைலியை மடித்துக் கட்டி, அழகாகத்தான் வீசினார். தட்டு மேலே எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, அவர் காலடியிலேயே விழுந்தது. நான்கு முறையும் அங்கேயே.

"என்னா செய்யச் சொல்ற? முப்பது வருசமா மேசைக்குத் திரும்பி வரணும்னுதான் வீசுறேன். போற மாதிரி விட எனக்குத் தெரியாது."

புதன்கிழமை சாயங்காலம் சன்னாசி மாதிரித் தட்டையும் தம்முடையதில் ஒன்றையும் தோட்டத்துத் திடலுக்குக் கொண்டுபோனார். செல்லாயி படத்தைப் பார்த்தாள். விடியற்காலையில் முந்நூறு மரத்தில் கத்தியை இழுக்கிற கை அது. மாதிரித் தட்டு அவள் கையை விட்டுக் கிளம்பி, கோல் கம்பத்தைத் தாண்டி, லாலான் புல்லில் போய் உட்கார்ந்தது. அடுத்ததை வீசினாள். அது பாதித் திடலில் கவிழ்ந்தது.

"ஒங்களுது என்னாங்க இப்படி மல்லாக்குது?"

"காத்து."

"அதே காத்துலதானே அது போச்சு."

இரண்டையும் எடுத்துவந்து விரல் நுனியில் வைத்துச் சுழற்றினாள். "இதுக்கு ஓரத்துல கனம் இருக்கு, நிக்காம சுத்துது. ஒங்களுது ரெண்டு சுத்துல மூச்சு வாங்குது. விளிம்பு எங்கங்க?"

"மிச்சம் புடிச்சிட்டேன்," என்றார் சன்னாசி.

செல்லாயி இரண்டு தட்டையும் அவர் கையில் திணித்தாள். "லயத்த வேற ஆளுக்குக் கொடுத்தாச்சு, தெரியுமில்ல? சனிக்கெழம அவங்க முன்னால கவுந்துச்சுன்னா அந்த வீடும் இல்ல, இந்த வீடும் இல்ல. நாளைக்கே போயி தவுக்கேகிட்ட சொல்லிருங்க."

"சொன்னா மட்டும் வீடு கெடைக்குமா?"

"தெரியல. ஆனா சொல்லிருங்க."

சொன்னார். தவுக்கே மூன்று சிகரெட் பிடித்தார். பிறகு அச்சு வெட்டிய கிழவர் ஆ செங்கைத் தொலைபேசியில் கூப்பிட்டார். கிழவர் மோட்டார் சைக்கிளில் வந்து, அச்சைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். மலாய் மொழியில் அவர் சொன்னதன் சாரம் இது: பிளாஸ்டிக்கைக் குறைத்தால் அந்த இடத்தில் இரும்பு மிஞ்சியிருக்கும், மிஞ்சிய இரும்பை இன்றைக்கும் வெட்டலாம். விளிம்பையும் ஆழமாக்கலாம், கோடும் போடலாம், ஒரு நாள் வேலை. இந்த ஆள் தாராளப் பிரபுவாக இருந்து இரும்பைக் கூடுதலாக வெட்டச் சொல்லியிருந்தால்தான் அச்சு குப்பைக்குப் போயிருக்கும். வெட்டிய இரும்பு திரும்ப முளைக்காது.

சன்னாசி குழாயடிக்குப் போய் முகம் கழுவினார். கழுவி முடித்தும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். தம் கருமித்தனத்தை அவர் அன்றைக்கு நேசித்த அளவு வேறெந்த நாளும் நேசித்ததில்லை.

சனிக்கிழமை செல்லாயி வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு வந்து வீசினாள். தட்டு வேலியைத் தாண்டி, ஈயம் தோண்டிக் கைவிட்ட பழைய குட்டையின் நடுவில் போய் இறங்கியது. பிஸ்கட் கம்பெனிக்காரர் நெற்றிக்கு மேல் கைவைத்துப் பார்த்துவிட்டு, கொஞ்சம் அதிகமாகப் போகிறதோ என்றார். ஆனாலும் கையெழுத்துப் போட்டார்.

மண்டோர் பதவி நின்றது. தவுக்கேயின் பெருந்தன்மை என்று எழுத ஆசைதான். ஆனால் அந்த இயந்திரத்தின் சூட்டுப் பக்குவம் தெரிந்தவர் சன்னாசி ஒருவர்தான் என்பதையும் தவுக்கே மறந்திருக்கமாட்டார்.

மாதக் கடைசியில் லோரி வந்தது. செல்லாயி லயத்துச் சாவியைக் கிராணியின் மேசையில் வைத்தாள்.

"ஒம் புருசனுக்கு அங்க என்னா வேலை?"

"தட்டு பறக்குதான்னு பாக்குற வேலைங்க."

கிராணி கண்ணாடியை இறக்கினார். "அதுக்கா வீடு கொடுக்குறாங்க?"

"குழாயும் இருக்குங்க," என்று சொல்லிவிட்டு அவள் லோரியில் ஏறிக்கொண்டாள்.