மெய்யாலுமே

பாரி எங்கள் ரேடியோவில் சேர வந்த அன்று நான் அவனை நம்பவில்லை. தனியார் எஃப்.எம். ஒன்றில் எட்டு வருஷம் ‘பேஜாரு பக்கிரி’ என்ற வேஷத்தில் காலை நேரத்தைக் கலக்கியவன். நாங்களோ திருவொற்றியூரில் ஒரு தையல் கடைக்கு மேலே, ஒற்றை அறையில் நடக்கும் சமூக வானொலி. எண்ணூர் வரைக்கும் கேட்டால் அதிர்ஷ்டம். கூட்ஸ் வண்டி போனால் மைக்கை மூடிவிட்டு உட்கார்ந்திருப்போம்.

“கரோலின்க்கா, எனக்கு இது போதும்” என்றான்.

பெரிய இடத்தில் ஏதோ தகராறு, நாலு நாளில் ஓடிவிடுவான் என்று நினைத்தேன்.

தகராறு ஒன்றுமில்லை. அவன் அம்மா கன்னியம்மா ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டிலும் மற்ற நாட்களில் எங்கள் தெருக்களிலும் மீன் விற்கிறார். அந்த எஃப்.எம்.மில் பாரி பேசியது அந்த அம்மாவின் பாஷைதான். அதை மூக்கால் இழுத்து, ஒவ்வொரு ஜோக்கின் முடிவிலும் “மெய்யாலுமே நைனா” என்று சேர்த்தால் பக்கிரி. ஒரு ஞாயிறு, காரில் வந்த சிலர் கன்னியம்மாவிடம் வஞ்சிரத்துக்கு பேரம் பேசியிருக்கிறார்கள். “மெய்யாலுமே கட்டாதுப்பா” என்றார் அவர். அவ்வளவுதான், அவர்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இன்னொரு முறை சொல்லச் சொல்லி செல்போனை நீட்டினார்கள். ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாரி பின்னால் நின்றிருந்தான்.

அவர்கள் போன பிறகு கன்னியம்மா மகனிடம் சொன்னார்: “அவங்கள இன்னா சொல்றது. கத்துக் குட்த்ததே நீதான.”

அதோடு வேலையை விட்டான்.

இங்கே வந்தவன் ஓடவில்லை. அங்கே பாட்டைக் கம்ப்யூட்டர் எடுத்துக் கொடுக்கும், பேச்சை விளம்பரம் முடித்து வைக்கும். இங்கே கேட்டவர் கேட்ட பாட்டு. ஒரு நாள் காணாமல் போன ஆட்டை ஒலிபரப்பிலேயே தேடினான். கிடைத்ததும் அதை மாடிக்குத் தூக்கி வந்து மைக்கில் கத்த வைத்தான். எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்த நாற்காலியில் நான் ஒரு நாளும் அவ்வளவு சந்தோஷமாக உட்கார்ந்ததில்லை.

ஆனால் செய்தி என்று வந்தால் மட்டும் பாடப்புத்தகத் தமிழுக்கு மாறிவிடுவான். “நம்ம மாரியே சொல்லேன்டா” என்பேன். தலையாட்டுவான், மாட்டான்.

போன மழைக்கு எங்கள் பக்கம் குழாயில் சாக்கடை கலந்துவிட்டது. தகவல் வந்ததும் பாரி மைக்கில் வாசித்தான்: “குடிநீரில் கழிவுநீர் கலந்துள்ளதால் பொதுமக்கள் அதனைப் பருக வேண்டாம்.” தையல் கடை ரேடியோவில் அது கீழேயும் கேட்டது. வாசல் குழாயில் பெண்கள் தங்கள் பாட்டுக்குக் குடம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தவனுக்குப் பொறுக்கவில்லை.

“யம்மா, கொடத்த கீய வைங்க. தண்ணி கலீஜா கீது. கொயந்தைங்களுக்குக் குட்த்துடாதீங்க. மெய்யாலுமே சொல்றேன்.”

கீழே ஒரே சிரிப்பு. போன் அடித்தது. “பக்கிரி மாமு, வந்துட்டியா? செம காமெடி” என்றது ஒரு குரல்.

பாரியின் முகம் செத்துவிட்டது. நிஜம் என்று சத்தியம் செய்ய எங்கள் பக்கத்தில் இருப்பது அந்த ஒரு சொல். அதைத்தான் எட்டு வருஷம் விற்றுத் தின்றிருக்கிறான். இனி எதைச் சொல்லி நம்ப வைப்பது? எனக்கு அவன்மேல் கோபம் கோபமாக வந்தது. கீழே குடங்கள் நிரம்பிக்கொண்டிருந்தன.

அப்போது கதவு திறந்தது. மீன் கூடையை வாசலில் வைத்துவிட்டு கன்னியம்மா உள்ளே வந்தார். தையல் கடை ரேடியோவில் கேட்டுவிட்டு ஏறி வந்திருக்கிறார். மகனைத் தள்ளி உட்காரச் சொல்லி, மைக்கைப் பிடித்தார்.

“நான் மீன்காரி கன்னியம்மா. இவன் என் புள்ள. இத்தினி நாளு இவன் சொன்னதெல்லாம் டூப்பு. இன்னிக்கு மெய்யாலுமே சொல்றான். தண்ணிய கீய ஊத்துங்க.”

சிரிப்பு நின்றது. குடங்களைத் தெருவில் கவிழ்க்கும் சத்தம் மைக் வரைக்கும் வந்தது. பாரி அழுதுகொண்டிருந்தான். நான் பாட்டைப் போட்டேன்.