கழிவுத் தண்ணீரைப் பற்றிக் கேட்டவர்

நல்லூரில் இயற்கை சோப்பு, எண்ணெய் விற்கும் கடை வைத்திருக்கிறேன். ஒரு மாலை அவர் வந்தார். சாயப்பட்டறைத் தொழிலாளி, நகக்கண்களில் நீலம் ஏறியிருந்தது. மனைவியின் கை அரிப்புக்கு வேப்பம் சோப்பு கேட்டார். எடுத்துக் கொடுத்ததும் விலையைப் பார்க்காமல் உறையிலிருந்த தயாரிப்பாளர் முகவரியைப் படித்தார்.

“ஏனுங்க, இவங்க கழிவுத் தண்ணிய எங்க உடறாங்க?”

“அது எனக்கெப்படிங்க தெரியும்?”

“கேட்டுச் சொல்லுங்க. சுத்தம் பண்ணாம ஆத்துல உட்டாங்கன்னு ரெண்டு பட்டறையில வேலைய உட்டவனுங்க நானு. மேலுக்குத் தேய்க்கற சோப்புக்கும் அதைப் பாக்கோணுமில்லீங்களா?”

எரிச்சலோடுதான் உறையிலிருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். சோப்பு தயாரிக்கும் பெண்ணே எடுத்தார். கடைக்கு வந்தவர் கேட்டதைச் சொன்னேன்.

“வடிகட்டுன தண்ணி எங்க வாழைக்குத்தானுங்க பாயுது. இதுவரைக்கும் யாருமே கேட்டதில்லீங்க. அவர வந்து பாக்கச் சொல்லுங்க!” என்றார். குரலில் அத்தனை சந்தோஷம்.

அதைச் சொன்னதும் தொழிலாளியின் முகம் மலர்ந்தது. இரண்டு சோப்பு வாங்கிக்கொண்டு போனார்.

இப்போது புதுச் சரக்கு எடுக்குமுன் நானே அந்தக் கேள்வியைக் கேட்கிறேன். சிலர் போனை வைத்துவிடுகிறார்கள். அவர்கள் சரக்கை நான் எடுப்பதில்லை. அதனால் அலமாரியில் கொஞ்சம் இடம் காலியாகக் கிடக்கிறது. அவர் மறுபடி வந்தால் அதைக் காட்ட வேண்டும்.