லேமினேஷனுக்குப் போன பாரமஹால்

பழைய அட்லஸ் என்றால் எனக்குப் பைத்தியம். அதுவும் ஆங்கிலேயர்கள் செப்புத் தகட்டில் தேசங்களை இடம்வலம் மாற்றிச் செதுக்கி, மை தடவி, ஈரத்தாளில் அழுத்தி எடுத்த காலத்து அட்லஸ்கள். தருமபுரியில் மருந்துக்கடை வைத்திருக்கும் பெண்ணுக்கு இது எப்படி ஒட்டிக்கொண்டது என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. "பக்கத்துல இருக்கற இண்டூருக்கே வழி கேட்டுப் போறவ நீ. உனக்கு லண்டன்காரன் போட்ட மேப்பு எதுக்கு?" என்பார் கணவர்.

அந்த இண்டூரிலிருந்தே வந்தது அதிர்ஷ்டம். பிரஷர் மாத்திரை வாங்க வந்த ஒரு விவசாயி, கடைச் சுவரில் நான் மாட்டியிருந்த பழைய மேப் ஒன்றைப் பார்த்துவிட்டு, "எங்க வூட்ல இதுமாதிரி ஒரு புக்கே கெடக்குதுங்க மேடம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து அவர் வீடு திரும்புவதற்குள் நான் வாசலில் நின்றேன்.

முறத்தைவிடப் பெரிய அட்லஸ். முதுகு பிய்ந்து, தாள்கள் தனித்தனியாகக் கழன்றிருந்தன. நடுவில் ஒன்றைத் தூக்கியதும் எனக்கு வியர்த்துவிட்டது. பாரமஹால்! கம்பெனிக்காரர்கள் நம் சீமைக்கு எழுதிய பெயர். சித்தேரி மலைகள் கம்பளிப்பூச்சிகளாக ஊர்ந்தன. நடுவே வெறும் வெள்ளை. வரைந்தவன் அங்கே ஏறவில்லை, ஏறாத இடத்தில் பொய்யாக மலை வரையவும் இல்லை. அந்த நேர்மைக்காகவே எனக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. விலை பேசி முடித்தோம். ஸ்கூட்டரில் எடுத்துப்போனால் தாள் பறக்கும் என்று, மறுநாள் காரோடு வருவதாகச் சொல்லிவிட்டு வந்தேன். இரவெல்லாம் தூக்கமில்லை.

மறுநாள் போனால் அட்லஸ் இல்லை. அவர் முகம் முழுக்கச் சிரிப்பு.

"ஆசையா கேட்டீங்க. உதிர்ற தாள எப்படிங்க குடுக்கறது? நம்ம செலவுலயே லேமினேஷன் போட்டுரலாம்னு டவுன் கடையில குடுத்துட்டு வந்தேங்க."

எங்கள் பக்கத்தில் மரியாதைக்குரிய காகிதம் எதுவும் பிளாஸ்டிக்குக்குத் தப்பியதில்லை. சாதிச் சான்றிதழ், மார்க் ஷீட், சர்ச்சில் எடுத்த புதுநன்மைப் படம், எல்லாம் உள்ளே போய்விடும். அவர் செய்தது மரியாதை, கோபப்படவும் முடியவில்லை. கடைக்குப் போன் போட்டால் எடுக்க ஆளில்லை. "ஐயோ அண்ணா, கார்ல ஏறுங்க!" என்று கத்தினேன். வழியில் பாலக்கோட்டுத் தக்காளி வண்டி ஒன்று ஒதுங்கவே இல்லை. ஹாரன் அடித்தே கை வலித்தது.

கடைக்குள் ஓடினேன். தலைப்புப் பக்கம் பளபளவென்று மெஷினிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தது. கடைக்காரர் கையில் அடுத்த தாள், பாரமஹால்.

"நிறுத்துங்க!"

ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தாளைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். பின்னாலேயே வந்த விவசாயி திகைத்துப்போனார். "அப்படி என்னங்க இருக்குது இதுல?"

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் விரலைப் பிடித்து, படத்தின் ஓரத்தில் தகடு அழுந்திய பள்ளத்தில் வைத்தேன். "தடவிப் பாருங்கண்ணா. செப்புத் தகடு பதிஞ்ச இடம். பிளாஸ்டிக் போட்டா இது செத்துரும். இங்க பாருங்க, உங்க ஊரு இந்தப் பக்கந்தான் வரும்."

அவர் தடவினார். மறுபடி தடவினார். பிறகு தாள்களை ஒவ்வொன்றாக அடுக்கித் தன் துண்டில் பொதிந்தார்.

"தப்பா நெனைக்காதீங்க மேடம். இது எங்க வூட்லயே இருக்கட்டுங்க."

நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதுதான். எனக்கு அழுகையே வந்தது. பாவமென்று நினைத்தாரோ என்னவோ, லேமினேஷன் செய்த தலைப்புப் பக்கத்தை என்னிடம் நீட்டினார். "இது உங்களுக்குங்க. காசெல்லாம் வேணாம்."

இப்போது அது என் கடைச் சுவரில் தொங்குகிறது. மாத்திரை வாங்க வரும்போதெல்லாம் அவர், "நேத்தும் தடவிப் பாத்தேங்க, பள்ளம் அப்படியே இருக்குது" என்பார். எனக்குப் பொறாமையில் வயிறு எரியும். அவர் போனதும் நானும் என் பக்கத்தைத் தடவிப் பார்ப்பேன். விரல் வழுக்கிக்கொண்டு போகும்.