பன்னிரண்டு வயது முகம்

நம்பச் சொல்லி யாரையும் வற்புறுத்த மாட்டேன். என் வலது கையில் இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. அது ஏன் என்று மட்டும் சொல்கிறேன்.

பவேரியாவில், செக் எல்லைக்குப் பக்கத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளி. நான் அங்கே உயிரியல் ஆசிரியை. விளையாட்டுச் சாமான்கள் கிடந்த அறையைச் சிற்றாலயமாக மாற்றியிருந்தார்கள், புனித லெத்துஸ் பெயரில். பன்னிரண்டு வயதில் விசுவாசத்துக்காகக் கல்லெறிந்து கொல்லப்பட்ட மறைசாட்சி என்பது நம்பிக்கை.

பீடத்துக்கு அடியில், கண்ணாடிப் பெட்டியில் அவருடைய எலும்புகள். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரியின் சுரங்கக் கல்லறையிலிருந்து வந்தவை. பெயரில்லாமல் வரும் எலும்புகளுக்கு அந்தக் காலத்தில் இங்கேயே பெயர் வைத்துவிடுவார்கள். கன்னியர் சல்லாத்துணி சுற்றி, பட்டு உடுத்தி, மண்டையோட்டின் மேல் மெழுகில் ஒரு முகத்தைப் பொருத்தியிருந்தார்கள். சிவந்த கன்னம். கண்ணாடிக் கண்கள். லேசான சிரிப்பு.

அது நடந்தது ஒரு சனிக்கிழமை. மறுநாள் பிஷப் வந்து சிற்றாலயத்தை அர்ச்சித்துத் திறந்துவைப்பார். பிறகு சின்ன வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக வந்து மறைசாட்சியின் கையை முத்தமிட வேண்டும். முதலில் என் அக்கா மகள் ரேசி.

"எலும்பு பத்திப் படிச்சவ நீதானே, ஆஃப்ரா. பையனை நல்லா தொடச்சு வை," என்றார் தலைமையாசிரியை சிஸ்டர் ரிச்லிண்ட்.

கண்ணாடி மூடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்த பள்ளிக் காவலர் குவிரின் சிரித்தார். "உசுரோட இருக்கற பசங்களே மூஞ்சி கழுவ மாட்டேங்குது, சிஸ்டர்."

"மொதல்ல உங்க மூஞ்சியக் கழுவுங்க."

மாலை நான்கு மணி. வெளியே பனி. இருட்டத் தொடங்கியிருந்தது.

வலது கையைத் துடைத்தேன். விரல் நுனிகளில் மட்டும் சல்லாத்துணி கிழிந்திருந்தது. எலும்பில் ஏதோ ஒட்டியிருந்தது. சுரண்டிப் பார்த்தேன்.

மெழுகு.

விரல் கணுக்கள் புடைத்திருந்தன. துணி விலகியிருந்த முழங்காலில் எலும்போடு எலும்பு உரசித் தேய்ந்து பளபளத்தது. எழுபது வயது முழங்கால் அது.

"சிஸ்டர்... இது பையன் இல்ல. வயசானவர்."

"முந்நூறு வருஷமா பையன். நீ நாலு வருஷம் படிச்சிட்டு வந்து கெழவனாக்கறியா?" குனிந்து மெழுகுக் கன்னத்தைத் தட்டினார். "அவ கெடக்கறா. இல்லடா செல்லம்?"

டக்.

பெட்டிக்குள்ளிருந்துதான். பல்லோடு பல் மோதுகிற சத்தம்.

"குளிருக்கு மரம் சுருங்குது," என்றார் குவிரின். இந்த முறை சிரிக்கவில்லை. இருவரும் போய்விட்டார்கள்.

எனக்குச் சோதித்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

"லெத்துஸ்..."

டக்.

"தம்பி..."

டக். டக்.

"ஐயா," என்றேன்.

சத்தம் இல்லை.

மெழுகு முகம் சிரித்துக்கொண்டுதான் இருந்தது. அதற்குப் பின்னாலிருந்து யாரோ என்னை வெறுப்போடு பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தது. ரேசி. தொப்பியெல்லாம் பனி.

"சித்தி! இவன்தான் அந்தக் குட்டிப் பையனா?"

"ரேசி, கிட்ட வராதே!"

"ஐய், பொம்மை மாதிரி இருக்கான்!"

ஓடி வந்து குனிந்தாள். பட்டுச் சட்டைக்குள்ளிருந்த கை... கொஞ்சம் உயர்ந்திருந்தது.

நடுவில் என் கையை நீட்டினேன்.

பிடித்தது.

இறுகியது...

மளுக்.

உடைந்தது என்னுடைய எலும்பு.

என் விரல்களை விடுவிக்கக் குவிரின் கடப்பாரை கொண்டுவர வேண்டியிருந்தது. கண்ணாடி மூடி தவறி என் கைமேல் விழுந்துவிட்டது என்று சிஸ்டர் எல்லோரிடமும் சொன்னார். மூடி அப்போதும் சுவரில்தான் சாய்ந்திருந்தது.

நான் மருத்துவமனையில் கிடந்தபோது அர்ச்சிப்பு நடந்தது. பெட்டியை மூடிவைத்து, கண்ணாடிக்கு மேல் முத்தமிட்டால் போதும் என்று மாற்றியிருந்தார்கள்.

வசந்தத்தில் மெழுகு முகம் விரிசல்விட்டது. அதைக் கழற்றிய குவிரின் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"உள்பக்கம் பாரும்மா."

உள்பக்கம் முழுக்க விரல் நுனியால் கீறிய கீறல்கள். பழையவற்றில் கறுப்பாகத் தூசி அடைந்திருந்தது. வாய்க்குப் பக்கத்தில் இருந்த நான்கு மட்டும் வெள்ளையாக, புதிதாக...

சிஸ்டர் புது முகம் செய்யச் சொல்லியிருக்கிறார். தடிமனான மெழுகில். பிள்ளைகளுக்கு நெருக்கமாக இருக்கட்டும் என்று இந்த முறை எட்டு வயது முகம்.

ரேசியை வேறு பள்ளியில் சேர்த்துவிட்டோம். மற்ற பிள்ளைகள் அங்கேதான் படிக்கிறார்கள். வரிசையில் நின்று, கண்ணாடியில் வாய் வைத்து, அவரைச் செல்லம் என்று கூப்பிடுகிறார்கள்.