தேதி போடாத பேனர்

காலை பத்து மணி, மாணவர்கள் ஏழு பேர், கரண்ட் வந்ததும் முதலில் கம்ப்யூட்டரைத் திறந்தவள் மகேஸ்வரி. கணினியில் கலை சொல்லிக்கொடுப்பது, கரண்ட் இருக்கும்வரை மட்டுமே செய்யக்கூடிய தொழில். நாளிதழில் செய்தி எழுதிப் பக்கமும் கட்டிக்கொண்டிருந்தவன் நான். எங்கள் பதிப்பை மூடியபோது, கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் இருக்கும் ஒரு தனியார் கல்லூரி என்னைக் கௌரவ விரிவுரையாளராக எடுத்துக்கொண்டது. டிஜிட்டல் கலை, ஊடகம், தொழில்நுட்பம் மூன்றும் சேர்ந்த முதுகலைப் படிப்பு. வேலை எவ்வளவு முடிந்தது என்று திரையில் காட்டும் நீலக் கோடு பாதியில் நின்றுபோக, அதையே பார்த்தபடி டீயை ஆறவிட்டவர்களுக்கு இதில் எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களும் படிக்கலாம், தடையில்லை.

கடைசியில் ஓடும் பெயர்கள்

ஏன் இந்தப் படிப்புக்கு வந்தீர்கள் என்று முதல் நாள் ஒவ்வொருவரையும் கேட்டேன். பத்திரிகைப் பழக்கம். திட்டக்குடிப் பக்கம் மக்காச்சோளம் போடுகிற வீட்டுப் பையன் பிரபு யோசிக்காமல் பதில் சொன்னான். சினிமா முடிந்து எல்லாரும் எழுந்து போகும்போது திரையில் பெயர்கள் ஓடுமே, அதில் அவன் பெயரும் ஓட வேண்டுமாம். அப்போது அதை யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். எங்கப்பா உக்காந்து பாப்பாரு சார் என்றான்.

மகேஸ்வரி கடலூர்த் துறைமுகத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்துப் பெண். அப்பா இல்லை. அம்மாவும் அண்ணன் அஞ்சாபுலியும்தான். அவள் சொன்னது இது: "எங்கண்ணன்தான் சார் சேத்துவுட்டுது. வூட்ல ஒரு ஆள் கடலுக்குப் போனா போதும், நீ கம்ப்யூட்டர்லயே கடல் பண்ணிக்கோன்னு சொல்லுச்சி."

மீன் இல்லாத கடல்

அதை அவள் அப்படியே எடுத்துக்கொண்டாள். ஒரு நிமிடம் ஓடக்கூடிய கடல் ஒன்றைக் கணினியில் செய்வதுதான் இறுதியாண்டுப் படைப்பு என்று எழுதிக்கொடுத்தாள். தண்ணீர் வேண்டாம் என்று தடுத்துப் பார்த்தேன். கட்டடம் செய்தால் சும்மா நிற்கும், மனிதனைச் செய்தால் தலையை ஆட்டவைத்துச் சமாளிக்கலாம். தண்ணீர் ஒவ்வொரு நொடியும் வேறு உருவம். எங்கள் ஆய்வகக் கணினிகளில் வெள்ளிக்கிழமை ஓர் அலையைக் கிளப்பிவிட்டுப் போனால் திங்கட்கிழமையும் அது பாதி தூக்கியபடியே நிற்கும்.

படகு போகாத ஒரு நாள் அஞ்சாபுலி தங்கையை பைக்கில் கொண்டுவந்து விட்டான். செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு ஆய்வகத்துக்குள் வந்தான். அவள் ஓடவிட்ட கடலை இரண்டு முறை பார்த்தான். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "நல்லாத்தான் சார் இருக்கு. மீன்தான் இல்ல. எங்க கடலும் இப்ப அப்பிடித்தான் கெடக்கு."

மாமா சிரிக்கிறார்

இந்தப் படிப்புக்கு என்ன வேலை கிடைக்கும் என்று பெற்றோர் கேட்பார்கள். கையேட்டில் அச்சிட்ட பதில் ஒன்று உண்டு. எங்கள் ஊர்ப்பக்கத்துப் பதில், கண்ணீர் அஞ்சலி. சிதம்பரம் கீழ வீதிக்குப் பக்கத்தில் செல்வம் வைத்திருக்கும் பிளெக்ஸ் கடையில், வகுப்பு முடிந்ததும் பிரபுவும் மகேஸ்வரியும் வேலை பார்த்தார்கள். அங்கே புதிதாக எதையும் யாரும் செய்வதில்லை. போன ஆளுக்குச் செய்த பேனரைத் திறந்து, படத்தையும் பெயரையும் மாற்றி, இடப்பக்கம் 'தோற்றம்', வலப்பக்கம் 'மறைவு' என்று இரண்டு தேதிகளையும் மாற்றினால் தீர்ந்தது. இரண்டு குத்துவிளக்குகளும் எல்லாருக்கும் பொது. படம் பெரும்பாலும் யாருடைய கல்யாணத்திலோ எடுத்ததாக இருக்கும். தோளில் கிடக்கும் இன்னொருவர் கையை வெட்டி எடுப்பதுதான் பெரிய வேலை.

தீபாவளிக்கு மறுநாள் புவனகிரியிலிருந்து ஒருவர் வந்தார். அன்று காலையில்தான் அவருடைய மாமா இறந்திருந்தார். இருந்த ஒரே படத்தில் பல்லெல்லாம் தெரிந்தது. மகேஸ்வரி படத்தை வெட்டி விளக்குகளுக்கு நடுவில் வைத்தாள். வந்தவர் திரையைச் சற்று நேரம் பார்த்துவிட்டுச் செல்வத்திடம் திரும்பினார். "மாமா சிரிக்கிறாரு மச்சான். கொஞ்சம் கொறச்சி வுடச்சொல்லு."

அம்மா சொல்ல வேண்டியது

கார்த்திகையில் அஞ்சாபுலி போன படகு கவிழ்ந்தது. கூடப் போன இருவரும் காலி கேனைப் பிடித்துக்கொண்டு மிதந்து, வேறு படகில் கரைக்கு வந்தார்கள். அவன் வரவில்லை. உடலும் எங்கேயும் ஒதுங்கவில்லை. இந்தச் செய்தியைப் பெயர் மாற்றிப் பெயர் மாற்றிப் பல தடவை எழுதியிருக்கிறேன். 'தேடும் பணி நடைபெற்று வருகிறது' என்று முடியும். மறுநாள் அதைப் பற்றி ஆசிரியரும் கேட்க மாட்டார், வாசகரும் கேட்க மாட்டார்.

அவன் அம்மா விடிந்ததும் கரையில் போய் உட்கார்ந்துவிடுவார். அவரைத் தனியே விட முடியாமல் மகேஸ்வரியும் உட்கார்ந்தாள். கல்லூரியில் அவள் வருகைப்பதிவு குறைந்துகொண்டே வந்தது. இப்படியே போனால் தேர்வு எழுத முடியாது என்று துறைத் தலைவர் என்னிடம் சொல்லியனுப்பினார். ஊர்ப் பெரியவர்கள், காரியத்தை முடித்துவிட்டால் அந்தம்மா எழுந்துவிடும், பெண்ணும் படிக்கப் போகும் என்றார்கள். செத்தான் என்று யார் பார்த்தது என்று அம்மா கேட்டார். பார்த்தவர் யாரும் இல்லை. கடைசியில் மாசி மாதம் காரியத்துக்கு நாள் குறித்தார்கள். அவனோடு கடலுக்குப் போகிற பையன்கள் பேனர் கட்ட வேண்டும் என்றார்கள். நான் குப்பத்துக்குப் போயிருந்த அன்று, மகேஸ்வரி அவர்களிடம் சொன்னாள்: "போட்டோ போடுங்க, பேர் போடுங்க. மறைவுன்னு தேதி மட்டும் போடாதீங்க. அத எங்கம்மாதான் சொல்லணும்."

பிழை திருத்துபவர்

பேனரைச் செய்தவன் பிரபு. வழக்கம்போலப் பழைய பேனர் ஒன்றைத் திறந்தான். படத்தை மாற்றினான், பெயரை மாற்றினான், பிறந்த தேதியை மாற்றிச் சேமித்தான். மறைவுத் தேதியை அழிப்பதற்குள் கரண்ட் போய்விட்டது. அவன் டீ குடிக்கப் போனான். கரண்ட் வந்ததும், அடுத்த முகூர்த்தத்துக்கு வரிசையாகக் காத்திருந்த கல்யாண பேனர்களோடு செல்வம் இதையும் மிஷினுக்கு அனுப்பிவிட்டார். பத்திரிகையில் பிழை திருத்துவதற்கென்றே ஒருவர் இருப்பார். அவரையும் தாண்டிப் பிழை போகும். பிளெக்ஸ் கடையில் அவரும் இல்லை.

காரியத்தன்று காலை பேனரைக் குப்பத்து முகப்பில் கட்டினார்கள். அம்மா வந்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர். மகன் பெயரைப் படித்தார், பிறகு வலப்பக்கம் இருந்த தேதியைப் படித்தார். அது என்ன நாள் என்று கேட்டார். தீபாவளிக்கு மறுநாள் என்று யாரோ சொன்னார்கள். புவனகிரி மாமா இறந்த நாள். மகேஸ்வரிக்கு அது புரிந்தது, எனக்கும் புரிந்தது. நாங்கள் வாய் திறப்பதற்குள் அம்மா பேசிவிட்டார். "அன்னிக்கி எம்புள்ள வூட்ல கறிசோறு துன்னுட்டுப் படுத்துக் கெடந்தான். செத்தவன் வேற யாரோ. அவுத்துக்கினு போங்க."

அவிழ்த்தார்கள். காரியமும் நின்றது. அம்மா மறுபடி கரைக்குப் போனார், முன்னைவிடத் தெம்பாக. பிரபு ஒரு வாரம் வகுப்புப் பக்கமே வரவில்லை. வந்தவன் முதலில் மகேஸ்வரியின் இடத்தைத்தான் பார்த்தான். அது காலியாக இருந்தது. "நான் ஒரு தேதிய அழிக்கல சார். அந்தம்மா அதைப் புடிச்சிக்கினு ஒக்காந்திருக்காங்க."

அளவு தெரிய ஒரு படகு

பங்குனியில் மகேஸ்வரி வந்தாள். கரையில் அம்மாவோடு உட்கார அக்கம்பக்கத்துப் பெண்கள் முறை வைத்துக்கொண்டார்கள். துறைத் தலைவர் வருகைப்பதிவில் எதையோ சரிசெய்தார், எதை என்று நான் கேட்கவில்லை. கடலை அவள் முடித்துவிட்டாள். இம்முறை அலை பாதியில் நிற்கவில்லை.

வாய்மொழித் தேர்வுக்குச் சென்னையிலிருந்து வந்தவர் கெட்டிக்காரர். ஒரு நிமிடமும் கண் எடுக்காமல் பார்த்தார். தண்ணீர், வானம், வேறெதுவும் இல்லை. நன்றாக இருக்கிறது என்றார். தூரத்தில் ஒரு படகு வைத்திருந்தால் கடலின் அளவு தெரிந்திருக்குமே, ஏன் வைக்கவில்லை என்று கேட்டார். விஷயம் தெரிந்த நாங்கள் மின்விசிறியைப் பார்த்தோம். மகேஸ்வரி சாதாரணமாகத்தான் பதில் சொன்னாள். "வெச்சிப் பாத்தேன் சார். எடுத்துட்டேன். அது இருந்தா எங்கம்மா அதையேதான் பாத்துக்கிட்டிருப்பாங்க."

இரண்டு வருடம் நாங்கள் சொல்லிக்கொடுத்ததில், ஒரு சிரிப்பைக் குறைப்பதும் ஒரு படகை எடுப்பதும்தான் இந்த ஊரில் இதுவரை பயன்பட்டிருக்கின்றன.

இந்த ஆண்டு தை அமாவாசைக்கு முதல் நாள், மகேஸ்வரியின் அம்மா செல்வம் கடைக்கு வந்து கார்த்திகை மாதத் தேதி ஒன்றைச் சொன்னார். மகேஸ்வரி அதை 'மறைவு' என்பதன் கீழே டைப் அடித்தாள்.