பாண்டி அண்ணன் கேட்ட கடிதம்

ஆய்வகத்தில் கையுறை மாட்டிக்கொண்டிருந்தபோது செல்வி அக்கா போன் செய்தார். "ஒங்க அண்ணே போயிட்டாருத்தா." பிறகு, கேட்காமலே, "காலையிலகூட ரெண்டு கிண்ணம் கஞ்சி குடிச்சாரு" என்றார். கணவர் இறந்த செய்தியோடு அவர் சாப்பிட்டதையும் சொல்ல வேண்டிய நிலைக்குச் செல்வி அக்காவைத் தள்ளியது அண்ணனை அறிந்த நாம்தான். நானும் சேர்த்தி.

அலங்காநல்லூர்ப் பக்கம் லோடு ஆட்டோ ஓட்டிய பாண்டி அண்ணனுக்கு ஹன்டிங்டன் நோய். கைகால்கள் அவர் சொல்லைக் கேட்காமல் ஆடும். எங்கள் ஆய்வுக்காகத் தோல் துணுக்குக் கொடுக்க ஆய்வகத்துக்கு வந்த அன்று, குடிகாரர் என்று நினைத்துக் மதுரைக் காளவாசலிலேயே பஸ் கண்டக்டர் இறக்கிவிட்டார். மீதித் தூரம் நடந்தே வந்தார். நான் கொதித்தேன். அவர் சிரித்தார்: "ஊருல எல்லாரும் காசு குடுத்துத் தள்ளாடுறாய்ங்க. எனக்கு ஓசி தாயி."

மற்றொரு நாள் சிரிக்கவில்லை. ஊர்ப் பொங்கலில் அவருடைய பெரியம்மாவே செல்வி அக்காவைக் கேட்டாராம்: "ஏண்டி, எம்மவனுக்குச் சோறு போடுறியா, மோந்து பாக்கச் சொல்றியா?"

"அம்புட்டுத் திங்கிறேன், ஒடம்புல ஒட்டல. அவ மேல தப்பில்லன்னு ஒரு கடுதாசி எழுதிக் குடு தாயி. ஊரு கூடுற மந்தையில ஒட்டிப்புடுறேன்."

"ஆய்வு முடிவுகள் உறுதியாகட்டும் அண்ணே" என்றேன்.

"அதுக்குள்ள நான் ஒட்டடைக் குச்சியாயிருவேன்."

மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் அதே பதில். இந்த நோய் உடலைக் கரைக்கும் என்பது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அதைச் சொல்ல என் முடிவு எதுவும் தேவைப்படவில்லை. இதை நினைத்தால் என் மீதே ஆத்திரம் வருகிறது. அண்ணன் இறந்த துட்டி வீட்டிலும் ஒரு குரல், "சோறில்லாமலே போயிட்டான்" என்றது. செல்வி அக்கா தலை குனிந்திருந்தார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

அண்ணனை அறிந்தவர்களே, செல்வி அக்காவின் சம்மதத்தோடு இப்போது எழுதுகிறேன். அண்ணனின் மரபணு ஒன்றில் பிறவியிலேயே பிழை இருந்தது. அதனால் உருவான பழுதான புரதம், உணவைச் சக்தியாக மாற்றும் வேலையைச் செல்களுக்குள்ளேயே கெடுத்தது. கிடைத்த சக்தியையும் ஓயாத ஆட்டம் தின்றது. செல்வி அக்கா வேளைதோறும் ஊட்டினார். அவர் போட்ட சோற்றில் குறையில்லை.

பதினாறாம் நாள் இதை மந்தையில் நானே ஒட்டுவேன்.

அண்ணனிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பவை, அந்தத் தோல் துணுக்கிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்த அவருடைய செல்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை அவற்றுக்கு உணவு வைக்கிறேன். எவ்வளவு வைத்தாலும் சோர்ந்துதான் போகின்றன. ஒழுங்காகப் போட்டாயா என்று என்னை இதுவரை யாரும் கேட்டதில்லை.